மஞ்சக்கரு எங்கே போச்சு?

“இந்தச் சுவரைத் தொட்டுப் பாருங்க சார். கண்ணாடி மாதிரி வழுவழுன்னு இருக்கா? அத்தனையும் முட்டை வெள்ளைக்கரு.”

கைடு இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார். நாங்கள் வாய் பிளப்பதற்காக விட்ட இடைவெளி அது. பிளந்தோம். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்து மாளிகை ஒன்று. பெயர் வேண்டாம், எந்த மாளிகைக்குப் போனாலும் இதே வசனம்தான். காரைக்குடிப் பக்கம் போனாலும் முட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் போனாலும் முட்டை. தேக்கு என்றால் பர்மா, கண்ணாடி என்றால் பெல்ஜியம், சலவைக்கல் என்றால் இத்தாலி. யாரோ ஒரே ஆள் ஒரே தாளை நகலெடுத்து எல்லா கைடுகளுக்கும் விநியோகம் செய்திருக்கிறார்.

காரைக்காலிலிருந்து என்னோடு வந்திருந்த சித்திக்கு இந்த நகல் தாள் கொடுக்கப்படவில்லை. அவள் கேட்டாள்: “ஏந் தம்பி, வெள்ளைக்கருவெல்லாம் சுவத்துக்குப் போச்சு, சரி. மஞ்சக்கரு எங்கே போச்சு?”

கூட்டம் சிரித்தது. கைடும் சிரித்தார். “நல்ல கேள்விம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்கு நடந்தார். நல்ல கேள்வி என்று பாராட்டிவிட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது சட்டமன்றத்துக்கு மட்டுமே உரிய மரபு என்று நினைத்திருந்தேன்.

அடுத்த அறையில் கட்டில். துரை இங்கே படுத்தார். ஜன்னலோரம் பியானோ. துரைசாணி இங்கே வாசித்தார். கண்ணாடி அலமாரியில் ஒயின் குப்பிகள். துரையும் துரைசாணியும் சேர்ந்து இங்கே குடித்தார்கள். அண்ணாந்து பார்த்தால் உத்தரத்தில் வரிசையாக இரும்புக் கொக்கிகள். “பங்கா தொங்கின கொக்கி சார். அந்தக் காலத்து ஏசி. கரண்டே வேண்டாம்.” இதற்கும் ஒரு இடைவெளி விட்டார். நான் சுவரைப் பார்த்தேன். கட்டிலுக்கு நேர்மேலே, உத்தரத்துக்கு ஒரு சாண் கீழே, இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. விளிம்பில் பித்தளை வளையம், வளையத்தின் அடிப்பக்கம் மட்டும் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. பங்காவின் கயிறு அந்தத் துளை வழியாக வெளித் தாழ்வாரத்துக்குப் போகும். அங்கே ஒரு ஆள் உட்கார்ந்து இரவு முழுக்க இழுப்பான். பித்தளையைத் தேய்த்தது அவன் கயிறு.

“யார் இழுத்தது?” என்று கேட்டேன்.

“லேபர் சார்.”

பர்மா தேக்குக்கு ஊர் இருக்கிறது, பெல்ஜியம் கண்ணாடிக்கு நாடு இருக்கிறது, துரைக்குப் பெயரும் பிறந்த தேதியும் எண்ணெய்ச் சாயத்தில் முகமும் இருக்கின்றன. முட்டைக்குக்கூட எண்ணிக்கை சொன்னார், லட்சக்கணக்கில். பித்தளையைக் கயிற்றால் தேய்த்தவனுக்கு மட்டும் ஒரே சொல்லில் முடிந்தது. சித்தி என் காதோரம் சொன்னாள்: “கோழிக்குக் குடுத்த மரியாதையில காவாசி குடுக்கலாம்ல.”

அவளுக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்த மாளிகையின் தளம் எப்படிப் போட்டது என்று கைடைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில், மூலைவாட்டமாக, சுண்ணாம்புச் சாந்து வைத்து அடுக்குவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். பிறகுதான் வேலையே ஆரம்பம். பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிக்க வேண்டும். தளம் இறுகி, கட்டை பட்டால் துள்ளி எழும்புகிற வரைக்கும் அடி. கடைசியில் தட்டு ஓடு. மெட்ராஸ் டெரஸ் என்று இன்றைக்குக் கட்டடக்கலைக் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறார்கள், வெளிநாட்டிலிருந்து வந்து படம் பிடிக்கிறார்கள். மாளிகைக்குள் சுற்றிக் காட்டுகிறவர்களுக்கு மட்டும் அது துரையின் தலையிலிருந்து நேராக முளைத்த கூரை. சுண்ணாம்பு பட்டு வெந்த விரல்களைப் பற்றி நகல் தாளில் ஒரு வரி கிடையாது.

இதே புதுச்சேரியில் நம்மவர் மாளிகை ஒன்றும் இருக்கிறது. பிரெஞ்சுக்காரருக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும், இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு. கீழ்த்தளம் மரத்தூணும் முற்றமுமாகத் தமிழ் வீடு. மேல்தளம் வெள்ளைத் தூண்களோடு ஐரோப்பிய வீடு. துபாஷி உத்தியோகத்தை இதைவிடத் தெளிவாக எவரும் கட்டிக் காட்டியதில்லை: காலை இங்கே ஊன்றிக்கொண்டு தலையை அங்கே நீட்டுவது. அவரைத் தியாகியாக்க வேண்டியதில்லை. சொந்தக் கப்பல் ஓட்டிய வியாபாரி, பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவின் வலதுகை. ஆனால் ஒரு வேலை செய்தார். 1736 முதல் 1761 வரை தினப்படி எழுதி வைத்தார். 1748-இல் டூப்ளே ஆட்சியில் வேதபுரீசுவரர் கோவிலை இடித்ததை வயிறெரிந்து எழுதியிருக்கிறார். பிள்ளை செத்த சில நாளில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. டூப்ளே கட்டிய அரண்மனையையும் அவர்கள் தரைமட்டமாக்கினார்கள். இடித்தவனை இடித்தார்கள், அது அவர்களுக்குள் உள்ள வழக்கு. செஞ்சி வேங்கடரமணர் கோவிலிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக்கொண்டு வந்த கருங்கல் தூண்களோ இன்றும் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. கோவில் தூணைக் கொள்ளையடித்தவன் போய்விட்டான். கொள்ளைப் பொருளைக் காந்திக்கே காவலாக நிறுத்தி, அதன் முன்னால் செல்ஃபி எடுத்துக்கொள்கிறோம். திருடாதே என்று சொன்ன மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான மண்டபம் அமையாது.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். காரைக்காலைச் சுற்றுலா விளம்பரத்தில் ‘பிரெஞ்சு வாசனை வீசும் ஊர்’ என்று எழுதுவார்கள். வாசனையைப் பற்றி நானும் சொல்கிறேன்.

தஞ்சை மராட்டிய அரியணைச் சண்டையில் பணத்துக்கு அல்லாடிய சகாஜி எங்கள் ஊரை விலை பேசினார், பிறகு பின்வாங்கினார், கடைசியில் சந்தா சாகிபின் படை தலையிட, 1739 பிப்ரவரியில் பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலைக் கைப்பற்றினார்கள். நெல்லுக்கும் துணிக்கும் என்று பிடித்த துறைமுகம் அது. அடுத்த நூற்றாண்டில் அங்கே நெல்லைவிட லாபமான சரக்கு ஒன்று கிடைத்தது. மனுஷன்.

1848-இல் பிரான்சு தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்குக் கை உடைந்தாற்போல் ஆயிற்று. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றும் சரிதான், கரும்பை யார் வெட்டுவது? காரைக்கால் வெட்டும் என்று பதில் வந்தது. ரெயூனியன் தீவுக்கு ஒரு லட்சத்துக்கு மேல். குவாதலூப்புக்கு ஏறத்தாழ 42,000 பேர். மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேர். புதுச்சேரியும் காரைக்காலும்தான் முக்கியமான ஏற்றுமதிக் கரைகள். 1853 மே மாதம் மார்த்தினிக்கில் முதல் கூட்டத்தை இறக்கிய ‘ஒரேலி’ என்ற கப்பல்தான் அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் குவாதலூப்பிலும் முதல் கூட்டத்தை இறக்கியது. தேவகுமாரன் பிறந்த நாளுக்கு நாங்கள் அனுப்பிய காணிக்கை.

1861-இல் பிரிட்டனும் பிரான்சும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, தென்னாற்காடு என்று பிரிட்டிஷ் இந்தியாவின் எந்த மூலையிலிருந்தும் ஆளைப் பிடித்து வந்து பிரெஞ்சுத் துறையில் ஏற்றலாம் என்றார்கள். நூறு வருஷமாக ஒருவர் கோட்டையை ஒருவர் இடித்துக்கொண்டிருந்த இரண்டு வல்லரசுகள், கூலிக்காரன் விஷயத்தில் மட்டும் கைகுலுக்கிக்கொண்டன. மேஸ்திரிகள் கிராமம் கிராமமாகப் போனார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் மண்ணைத் தோண்டினால் காசு என்றார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம், குவாதலூப்பும் மார்த்தினிக்கும் அடங்கிய அந்தில்லித் தீவுகளில் ஆண்களுக்கு மாதம் பன்னிரண்டரை பிராங்க் கூலி, சாப்பாடு, திரும்பி வரக் கப்பல். கைநாட்டு வைத்தவனுக்கு அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல ஆள் இல்லை. தாது வருஷப் பஞ்சம் வந்தபோது மேஸ்திரி பேசக்கூட வேண்டியிருக்கவில்லை, பசி பேசியது. மாதக்கணக்கில் கடல். போன பிறகு அடி, காய்ச்சல், தற்கொலை. திரும்பி வந்தவர்கள் குறைவு. கொடுமை தாங்காமல் பிரிட்டிஷ் இந்திய அரசே, கருணைக்குப் பேர்போன அந்த அரசே, 1876-இல் பிரெஞ்சு கயானாவுக்கும் 1882-இல் ரெயூனியனுக்கும் 1888-இல் அந்தில்லித் தீவுகளுக்கும் ஆள் அனுப்புவதை நிறுத்தியது என்றால் நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றத் தீவுகளுக்கு அதே அரசு தன் சொந்தக் கணக்கில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்ததை இதற்காக மறந்துவிட வேண்டாம்.

சித்தி கேட்டாளே, மஞ்சக்கரு எங்கே போச்சு என்று. ரெயூனியனில் செங்-ழில்-லெ-ஓ என்ற மேட்டூரில் போய்ப் பார்க்கலாம். அங்கேயும் ஒரு மாளிகை, அங்கேயும் டிக்கெட், அங்கேயும் கைடு. 1780-களின் இறுதியில் தெபாஸேன் குடும்பம் கட்டியது. அதன் கூரை சாய்ந்த கூரையல்ல, தட்டை மொட்டைமாடி. புதுச்சேரி வீடுகளைப் பார்த்து, சுண்ணாம்புத் தளம் போட்டுக் கட்டிய மாடல். அந்த வீட்டு எஜமானியான தெபாஸேன் அம்மாள் 1846-இல் தொண்ணூறு வயதில் செத்தபோது தீவின் பெரும்பணக்காரிகளில் ஒருத்தி. நானூறுக்கும் மேற்பட்ட அடிமைகளின் சொந்தக்காரி. காப்பி, பிறகு கரும்பு. இன்றும் அந்தத் தீவில் அவளைப் பேயாக்கிக் கதை சொல்கிறார்கள். எரிமலை குமுறினால் உள்ளே அவள் வெந்துகொண்டிருக்கிறாள் என்று.

அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் 1826 முதல் 1828 வரை புதுச்சேரியில் ஆளுநராக இருந்தார். புதுச்சேரியில் கல்லூரி திறந்தவர், நூலகம் திறந்தவர் என்று பெயர் வாங்கினார். அந்தக் காலத்தில்தான், 1828-இல், ஏனாமிலிருந்து ஒப்பந்தக் கூலிகளின் முதல் சிறு கூட்டம் ரெயூனியனுக்குக் கப்பலேறியது. குடும்பத்தின் ஒரு கை இங்கே நூலகம் திறக்க, இன்னொரு கை அங்கே கரும்பாலை நடத்த, நடுவில் கடல் மட்டும்தான் இருந்தது. நம் ஊர்த் தளத்தின் நகலை அவர்கள் கொண்டுபோனார்கள்; 1848-க்குப் பிறகு அதன் கீழே வேலை செய்ய நம் ஆட்களையும் கொண்டுபோனார்கள். வெல்லத் தண்ணீர் தெளித்து அடித்த கூரை இங்கே, வெல்லம் காய்ச்சக் கரும்பு வெட்டியவன் அங்கே.

என் கோபம் எல்லாம் இந்த இடத்தில்தான். அந்த ரெயூனியன் மாளிகையை அந்தத் தீவு நிர்வாகம் வாங்கி அருங்காட்சியகமாக்கியது. ஆரம்பத்தில் அங்கேயும் பீங்கான் தட்டும் நாற்காலியும்தான் காட்டினார்கள். பிறகு ஊர் விழித்துக்கொண்டது. அடிமைகளுக்கென்று கட்டிய ஆஸ்பத்திரிக் கட்டடத்தைக் காட்டுகிறார்கள், அடிமைத்தனத்தையே மையமாக வைத்து அந்த இடத்தை அருங்காட்சியகமாகத் திருத்தி அமைக்கிறார்கள். குவாதலூப்பில் ஒரு பழைய சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் 2015-இல் அடிமை வரலாற்று நினைவகம் எழுப்பினார்கள். மொரீஷியஸில் கூலிகள் இறங்கிய படிக்கட்டு 2006 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். சாட்டை பிடித்தவனின் நாடுகூட வேறு வழியில்லாமல் சாட்டையை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டது. அடி வாங்கியவனின் சொந்த ஊரில் நாம் துரைசாணியின் பியானோவைத் துடைத்துக்கொண்டிருக்கிறோம்.

துடைப்பது மட்டுமா? புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளைக்காரன் இருந்தான், மேற்கே நாம் இருந்தோம். 1954 நவம்பரில் நிர்வாகம் கை மாறியது, 1962 ஆகஸ்டில் சட்டப்படியும் முடிந்தது. ஆனால் ‘ஒயிட் டவுன்’ என்று பலகை வைத்து, அந்தப் பெயரைச் சட்டையில் அச்சடித்து, அதே பெயரில் காப்பிக்கடை திறந்து, அறை வாடகையை மூன்று மடங்காக்கியிருப்பது பிரெஞ்சுக்காரன் அல்ல. அவனே வெட்கப்பட்டு அழித்துவிடக்கூடிய எல்லைக்கோட்டை நாம் சுண்ணாம்பு அடித்துப் புதுப்பித்து வைத்திருக்கிறோம், கட்டணத்தோடு.

பக்கத்துத் தரங்கம்பாடியில் பிரெஞ்சுக்குப் பதில் டேனிஷ். நண்டலாற்றைத் தாண்டினால் வந்துவிடும். 1620-இல் ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கிக் கட்டிய டேன்ஸ்பர்க் கோட்டை, எதிரே ஆளுநர் மாளிகை, நல்ல கடற்காற்று. 1845-இல் டென்மார்க் இந்த ஊரைச் செராம்பூரோடு சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றது. கோட்டை, மாளிகை, தெரு, தெருவில் குடியிருந்தவன் எல்லாம் ஒரே கிரயத்தில். அங்கே பார்க்க வருகிறவர்கள் இந்தத் தொகையைக் கேட்டதும் “அவ்வளவுதானா!” என்று வியக்கிறார்கள், மனை விலை விசாரித்த பழக்கத்தில்.

கட்டடத்தைக் காப்பாற்றுகிறோமே, அதையாவது பாராட்டக் கூடாதா என்று கேட்பீர்கள். பாராட்டலாம். புதுச்சேரிக் கடற்கரையில் மேரி என்று ஜனங்கள் சொல்லும் நகராட்சி மாளிகை இருந்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம். பழுது பார்க்க வேண்டும் என்று பாரம்பரிய ஆர்வலர்கள் வருஷக்கணக்கில் கத்தினார்கள். கோப்பு நகர்ந்துகொண்டிருந்தது. 2014 நவம்பர் மழையில் கோப்பைவிடக் கட்டடம் வேகமாக நகர்ந்து, முழுசாக உட்கார்ந்துவிட்டது. உடனே எல்லோருக்கும் பாரம்பரியத்தின் மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. அதே அச்சில் புதுசாகக் கட்டினார்கள். 2021 பிப்ரவரியில் பிரதமர் திறந்து வைத்தார். அசல் விழுந்ததற்கு யாரும் பொறுப்பில்லை. நகல் எழுந்ததற்குக் கல்வெட்டில் பெயர் போட இடம் போதவில்லை.

சரி, நகராட்சி மாளிகை என்றால் நகராட்சி மன்றம் உட்காரும் இடம். மன்றம் எங்கே? புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் உள்ளாட்சித் தேர்தல் 1968-இல் நடந்தது. அடுத்தது 2006-இல், முப்பத்தெட்டு வருஷம் கழித்து. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2011-இல் முடிந்தது. அடுத்த தேர்தலுக்கு அறிவிப்பு வந்தது, வழக்கு வந்தது, ஒத்திவைப்பு வந்தது, ஓட்டுப்பெட்டி வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரன் தன் கோணல் வாக்குரிமையோடாவது நகரசபைத் தேர்தல் நடத்தினான். நாம் அவனுடைய தூண்களை அங்குல சுத்தமாக நகலெடுத்தோம், ஜன்னல் வளைவுகளை நகலெடுத்தோம், சுவரின் வெள்ளையை நகலெடுத்தோம். உள்ளே உட்கார வேண்டிய கவுன்சிலரை மட்டும் நகலெடுக்க மறந்துபோனோம். இப்படி ஆளில்லாமல் அலங்கரித்து வைத்த கட்டடத்துக்கு மாளிகை என்பதைவிடக் கொலு என்பதே பொருத்தம்.

காரைக்காலிலும் அதே கொலுதான். எங்கள் ஊர் உள்ளாட்சிக்குக் கொம்யூன் பஞ்சாயத்து என்று பெயர். திருநள்ளாறு, நெடுங்காடு, நிரவி, கோட்டுச்சேரி, திருமலைராயன்பட்டினம். பெயரில் பிரான்சு, பஞ்சாயத்தில் பூஜ்யம். குப்பை அள்ளவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்றால் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆள் யாரும் கிடையாது. ஆணையர் என்று ஒரு அதிகாரி இருப்பார், அவரும் மாற்றலுக்குக் காத்திருப்பார்.

ஆகவே காரைக்காலுக்கும் ஒரு வழிகாட்டிச் சுற்றுலா வேண்டும் என்று பரிந்துரைக்கிறேன். மாளிகை குறைவுதான், ஆனால் காட்ட விஷயம் இருக்கிறது. கைடாக நானே வருகிறேன். சீருடை வேண்டாம், சம்பளம் வந்தால் வாங்கிக்கொள்வேன்.

முதல் நிறுத்தம் பேருந்து நிலையம். ஐயா, அம்மா, இங்கே பாருங்கள், இதோ நிற்கிறது புதுச்சேரி பஸ். எங்கள் தலைநகரம் 130 கிலோமீட்டருக்கும் அப்பால், நடுவில் தமிழ்நாட்டின் மயிலாடுதுறை, கடலூர் மாவட்டங்கள். ஒரு கோப்பில் கையெழுத்து வேண்டுமென்றால் இரண்டு முறை எல்லை தாண்ட வேண்டும். உலகத்தில் தன் சொந்த ஆட்சியைப் பார்க்க அண்டை மாநிலம் வழியாகப் போகிற பாக்கியம் சிலருக்கே வாய்க்கும். தேர்ந்தெடுக்கப்பட்ட முப்பது பேர் உள்ள சட்டமன்றத்தில் எங்களுக்கு ஐந்து பேர். அந்த ஐந்து பேரும் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் பஸ் அதே நேரத்துக்குத்தான் கிளம்பும்.

இரண்டாவது நிறுத்தம் எல்லையோரத்துப் பூவம். பிரெஞ்சுப் பாரம்பரியத்தில் இன்றும் முழு உயிரோடு இயங்கும் ஒரே துறையை இங்கே பார்க்கலாம். மாலை நேரத்தில் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் அழகே அழகு. துரையின் ஒயின் குப்பியைக் கண்ணாடி அலமாரியில் வைத்துக் காட்டினார்களே, இங்கே அலமாரி திறந்திருக்கும்.

மூன்றாவது காரைக்கால் அம்மையார் கோவில். எங்கள் ஊரிலிருந்து உலகறியப் போன முதல் பெண். பெரிய வணிகர் வீட்டு மகள், பெரிய வணிகர் வீட்டு மருமகள். ஒரு மாம்பழத்தில் கணவன் மிரண்டு ஓடிப்போன பிறகு, அந்தப் பெரிய வீட்டையும் உடம்பின் அழகையும் உதறிவிட்டுப் பேயுருவைக் கேட்டு வாங்கிக்கொண்டு நடந்தாள். வருஷா வருஷம் ஆனி மாதம் மாடியிலிருந்து மாம்பழத்தை வீசி நாங்கள் அவளைக் கொண்டாடுகிறோம். மாளிகையைப் பற்றி அவளுக்கு இருந்த அபிப்பிராயத்தைக் கொண்டாட்டத்தில் சேர்த்துக்கொள்வதில்லை.

நான்காவது அரசலாற்று முகத்துவாரம். கடற்கரைச் சாலையில் விளக்கு, பூங்கா, சுண்டல் எல்லாம் உண்டு. இந்தக் கரையிலிருந்துதான் கூலிகளைப் படகில் ஏற்றி, ஆழத்தில் நங்கூரம் போட்டு நின்ற கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். கிளம்பும் வரை அவர்களை அடைத்து வைத்த டிப்போக்கள் இந்த ஊரில்தான் இருந்தன. எந்தத் தெரு, எந்த மனை? பலகை ஏதாவது உங்கள் கண்ணில் பட்டால் எனக்கும் காட்டுங்கள். நான் இந்த ஊர்க்காரன், என் கண்ணில் பட்டதில்லை.

ஐந்தாவது, தெற்கே எல்லையில் வாஞ்சூர்த் துறைமுகம். 2009-இல் தனியார் கையில் தொடங்கி, கடனில் மூழ்கி, 2023-இல் அதானி குழுமத்திடம் போய்ச் சேர்ந்தது; விலை 1,485 கோடி. மனுஷனை ஏற்றிய கரை இப்போது நிலக்கரியை இறக்குகிறது. பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் கொடியில் காயப்போட்ட துணியை உதறிக் காட்டுவார்கள். பங்காவுக்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்த இலவசக் காற்று அதுதான்.

இந்தச் சுற்றுலாவுக்கு யார் வருவார்கள் என்று கேட்கிறீர்களா? வருகிறார்கள். ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறார்கள். குவாதலூப்பிலிருந்தும் மார்த்தினிக்கிலிருந்தும் ரெயூனியனிலிருந்தும், நம் நிறத்தில், நம் முகத்தோடு, தமிழ் தெரியாமல். ராமசாமியும் வீராப்பிள்ளையும் பிரெஞ்சு எழுத்தரின் காதில் விழுந்த விதத்தில் குடும்பப் பெயராகி நிற்கிறார்கள். கையில் கொள்ளுப்பாட்டனின் பதிவு எண், கப்பலின் பெயர், எந்தக் கிராமம் என்றே அடையாளம் தெரியாதபடி எழுதிய ஒரு ஊர்ப் பெயர். அவர்களுக்கு முந்தைய தலைமுறையில் சிதம்பரம் என்ற கூலிக்காரக் குடும்பத்துப் பிள்ளை, ஹென்றி சிதம்பரம், குவாதலூப்பில் இந்தியர்களுக்குக் குடியுரிமை வேண்டும் என்று இருபது வருஷத்துக்குக் கிட்ட வழக்காடி 1923-இல் வென்றவர். அவர் பெயரில் அங்கே தெரு இருக்கிறது. இங்கே நமக்கு டூப்ளேவுக்குச் சிலை இருக்கிறது, அதுவே போதுமென்று விட்டுவிட்டோம்.

அப்படி வந்த ஒருவரைச் செஞ்சிக் கோட்டைக்கு அழைத்துப்போன நண்பர் சொன்னார். புதுச்சேரிக் கடற்கரையில் அந்தத் தூண்களைப் பார்த்த பிறகு, அவை புறப்பட்ட இடத்தையும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாராம் அந்த மனிதர். கட்டணச் சாளரத்தில் கடவுச்சீட்டைக் கேட்டார்கள். பிரெஞ்சுக் கடவுச்சீட்டு. நம் நண்பருக்கு 25 ரூபாய், அவருக்கு 300. வெளிநாட்டவர் கட்டணம். அவர் ஒன்றும் சொல்லாமல் எண்ணிக் கொடுத்தாராம். பாட்டனைக் கப்பலேற்றியபோது மேஸ்திரி தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கினான். பேரன் திரும்பி வந்ததும் பாக்கியை அரசாங்கம் வசூல் செய்கிறது, ரசீதோடு.